சாரல் ஆகாத உமாராணி

மேலகரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உமாராணிக்குச் சாரல் ஆகாது என்று. ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போதும், அவளுக்கு மூச்சு இளைப்பு வந்துவிடும். மாமியார் முப்பிடாதி அவள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிவிட்டு தூதுவளை ரசம் வைத்துக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் என் பங்குக்குக் கற்பூரவல்லி பறித்துக் கொடுப்பேன். பட்டாளத்தில் இருக்கும் அவள் புருஷன் தளவாய், அருவியில் குளிக்கவென்று அதே சீசனில்தான் வருஷா வருஷம் லீவில் வருவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் புத்தி போகவில்லை.

இந்த வருஷம் அவருக்குப் பங்குனியிலேயே லீவு கிடைத்தது. மலையில் மேகமே இல்லை, அருவியில் வெறும் பாறை. அவர் ரயில் ஏறிவிட்டதாகப் போன் வந்த அன்றைக்கே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் உமாராணியின் மூச்சு விசிலடித்தது.

“ஏட்டி, வெயிலு மண்டையப் பொளக்குது. இப்பம் எதுக்கு இளைக்குது?” என்று கேட்டேன்.

அவள் மூச்சுக்கு அடிக்கும் பம்பைச் சுவருக்கு மேலாக நீட்டினாள்.

“இத நீங்க வச்சுக்கிடுங்கக்கா. போன லீவுல பழச அவிய கெணத்துல தூக்கிப் போட்டுட்டாவ. நான் நடிக்கேனாம்.”

அவள் சுண்டுவிரல் கோணி நின்றது. கதவிடுக்கில் மாட்டியது என்று முன்பு சொல்லியிருந்தாள். நான் பம்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் சுவரோரம் வருவாள். பம்பை வாங்கி அடித்துவிட்டுத் திருப்பித் தருவாள்.

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்பை அடிக்கவைத்து, ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குக் கொண்டுபோனேன். முப்பிடாதியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

டாக்டர் ஜுஹைனா நெஞ்சைச் சோதித்துவிட்டு, கோணிய சுண்டுவிரலையும் தொட்டுப் பார்த்து, “வீட்ல யாரும் அடிக்காங்களாம்மா?” என்று கேட்டார். “புகையும் குளிரும் மட்டுமில்ல, பயமும் இளைப்பக் கூட்டும். பம்பு எப்பவும் கைக்கெட்டுத தூரத்துல இருக்கணும். இல்லன்னா உயிருக்கே ஆபத்து.”

“அவளுக்குச் சாரல்தான் ஆகாது டாக்டர்,” என்றாள் முப்பிடாதி.

ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ரோட்டுத் தார் உருகிக்கொண்டிருந்தது. உமாராணி மாமியாரைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆனியில் தளவாய் ஓய்வுபெற்று ஒரேயடியாக வந்துவிட்டார். அதற்கு முன்பே பம்பு மறுபடி என் கைக்கு வந்திருந்தது. தெருவே பிளக்ஸ் வைத்து, மேளம் அடித்து, மாலை போட்டது. மறுநாளே கொத்தனார் வந்து காம்பவுண்டுச் சுவர்மேல் செங்கல் அடுக்க ஆரம்பித்தார். நான் பதறிப்போய் என்னவென்று கேட்டேன்.

“சாரல் உள்ள அடிக்குல்லா அக்கா, உமாவுக்கு ஆகாதே,” என்று தளவாய் சிரித்தார். “கறிவேப்பிலையும் இனிமே நானே கடையில வாங்கிக்கிடுதேன்.”

சாயங்காலத்துக்குள் சுவர் என் தலைக்கு மேலே போய்விட்டது. பொண்டாட்டிமேல் என்ன அக்கறை என்று தெரு மெச்சியது. இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் அவள் மூச்சின் விசில் கேட்டது. பம்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்கு ஓடினேன். கேட்டில் உள்பக்கமாகப் பூட்டு தொங்கியது.

“தளவாயி, கேட்டத் தொறலே!” என்று கத்தினேன். தெருவே வெளியே வந்து பார்த்தது.

எதிர்வீட்டு ஸ்ரீதேவி வந்து என் கையைப் பிடித்தாள்.

“எதுக்குக்கா சத்தம் போடுதீங்க? சாரல் தொடங்கிட்டுல்லா, அதான் இளைக்குது.”