பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில்

விமான நிலையத்தில் வாங்கியிருந்தால் விலை குறைந்திருக்கும். ஆனால் அங்கே யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. அதனால் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் குடியிருக்கும் அயர்லாந்துச் சிறுநகரத்தில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய மதுக்கடைக்குப் போனேன். வேலை நாள், பகல் மூன்று மணி, மழை. கடையில் வேறு ஆள் இல்லை.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எதிர்பார்த்த கேள்வியை முதலிலேயே கேட்டார். யாருக்கு?

பதில் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவருக்கு. ஏழு மாதத்துக்கு முன்பு என் அம்மா இறந்தபோது, மகன் வைக்க வேண்டிய கொள்ளியை வைத்தவருக்கு. இதை ஆங்கிலத்தில் மனத்துக்குள் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் பதினொரு வருடம் அடுத்தவர்களின் செய்திகளைச் சுருக்கும் வேலை பார்த்தவன் நான். இது சுருங்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நடு வரிசைக்குக் கை நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் என்ற உறவுக்கு அந்தக் கடையில் ஒரு தட்டு இருந்தது. கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. அப்பா, மாமனார், முதலாளி எல்லோரும் அதற்கு மேலே போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே பார்க்கலாமா என்றேன். "அவ்வளவு நல்ல பக்கத்து வீட்டுக்காரரா?" என்று சிரித்தார்.

வழக்கமாக என்ன குடிப்பார் என்று கேட்டார். அது எனக்குத் துல்லியமாகத் தெரியும். சனிக்கிழமை ஃபேக்டரி வேலை முடிந்ததும் சர்க்கார் கடை வரிசையில் நின்று ஒரு குவார்ட்டர் பிராந்தி. வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் நின்றபடியே, சில்வர் டம்ளரில், குழாய்த் தண்ணீர் கலந்து. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. "அவன் குடிச்சா குளிரு மட்டும்தான் கொறையும், வேற ஒரு மாத்தமும் தெரியாது" என்று அம்மா சொல்வாள்.

அந்த நாட்டு விஸ்கியை மூன்று தடவை வடிப்பார்கள், புகை வாடை இருக்காது, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும் என்று கடைக்காரர் பெருமையாக விளக்கினார். எனக்குக் கவலையாகிவிட்டது. தொண்டையில் எரியாத சரக்கை எங்கள் லயத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். வழியில் எவனோ தண்ணீர் ஊற்றிவிட்டான் என்பார்கள். கொஞ்சம் உறைப்பாக வேண்டும் என்றேன். அவர் யோசித்து, முளைகட்டாத பார்லியும் சேர்த்து வடித்த ஒன்றை எடுத்தார். முடிவில் மிளகு கடித்த மாதிரி இருக்கும் என்று சின்ன கிளாசில் ஒரு விரல் அளவு ஊற்றிக் கொடுத்தார். குடித்துப் பார்த்தேன். இருந்தது.

எனக்கு வேறு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. அட்டைப் பெட்டி வேண்டும். பாட்டில் தீர்ந்த பிறகும் லயத்தில் பெட்டி ஷோகேசில் இருக்கும். லேபிளில் வருடக் கணக்கு தூரத்திலிருந்து தெரிய வேண்டும். பன்னிரண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. அவர் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்து, உன் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர் என்றார். வேலைக்கு வெளியே அந்த வாரம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அம்மா இறந்தது ஆடியில். அப்போது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஊருக்குப் போயிருக்கலாம்; வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். நான் போகவில்லை. நடந்தது இவ்வளவுதான், இதைவிட நல்ல விதமாகச் சொல்ல வழியிருந்தால் இத்தனை மாதத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

எனக்கு உடன்பிறந்தவர் கிடையாது. அப்பா நான் நடக்கப் பழகுமுன்பே போய்விட்டார். பங்காளிகள் தென்காசிப் பக்கம். ஆள் அனுப்பினால் வந்து சேர மறுநாள் ஆகும். மழை விடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, மொட்டை அடித்து, குடத்தைத் தோளில் தூக்கினார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எங்களுக்கு உறவு இல்லை, குலமும் வேறு. அவருடைய மகள் நான் பார்ப்பதற்காக ஃபோனைப் பிடித்திருந்தாள். தகரக் கொட்டகைக்கு அடியில் விறகு அடுக்கியிருந்தது தெரிந்தது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது தெரிந்தது. பிறகு சிக்னல் போய்விட்டது. நான் இங்கே வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் துணி வைக்கும் அறையில், மடித்த போர்வைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

மாசியில் ஒன்பது நாள் விடுப்பு கிடைத்தது. அவரிடம் என்ன வேண்டும் என்று ஃபோனில் கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம். நீ வந்து சேரு, மதி."

பின்னாலிருந்து அவர் மனைவி, மைனியின் குரல் வந்தது. "அவுக கெடக்காக. எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டா தம்பி. ரிசார்ட்டுக்கு வாறவளுவ போடுறாளுவள்லா, அந்த மாதிரி."

"கொழுந்து கிள்ளப் போறவளுக்கு அது எதுக்கு?" என்றார் அவர்.

"ஏன், அட்டை கடிக்கிறதுதான் கடிக்கி, நல்ல துணியில ஏறிக் கடிக்கட்டுமே."

ஊரில் தங்க எனக்கு வீடு இல்லை. அம்மா இருந்தது கம்பெனி வீடு. இப்போது அதில் ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அதிக நேரம் பார்த்ததால் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அண்ணன் வீட்டில் இரண்டு அறையில் ஐந்து பேர். சின்னக்கானலில் அறை எடுத்திருந்தேன். முன்மேசையில் இருந்தவன் "இந்தப் பக்கம் முதல் தடவையா சார்?" என்று கேட்டு, யானை பார்க்க ஜீப் ஏற்பாடு செய்யட்டுமா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டிலோடு லயத்துக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஸ்வெட்டரை வாங்கிய மைனி அதைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். கோடி வீட்டில் இருக்கும் பழைய வாட்ச்மேன், அழைக்காமலே வந்து படியில் உட்கார்ந்தார். நான் பெட்டியை எடுத்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"ஏல, ஃபாரின் சாதனம்! பன்னெண்டு வருசம்னு போட்டுருக்கான் பாரு. நம்ம பயலுவ பன்னெண்டு நிமிசம் வச்சிருப்பானுவளா?"

அண்ணன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். பாட்டிலை வெளியே எடுத்து, லேபிளை மேலிருந்து கீழாக எழுத்துக்கூட்டிப் படித்தார். வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு அதைப் பெட்டியில் போட்டு மைனியிடம் நீட்டினார்.

"பீரோவுல வையி."

"இன்னைக்கே பிரிப்போம்ணே" என்றேன். "உங்ககூட உக்காரணும்னுதான் கொண்டாந்தேன்."

"ஆடி கழியட்டும்."

"ஆடியா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. "கொள்ளி வச்சிருக்கேன்லா" என்றார்.

என் கணக்கு இப்படி இருந்தது. தீட்டு என்பது பங்காளிக்கு. பங்காளி அல்லாதவர் உதவிக்கு வந்து கொள்ளி வைத்தால், பதினாறாம் நாள் தலைமுழுக்கோடு அவருக்குக் கணக்கு முடிந்தது. தலைத்திவசம் வரைக்குமான ஒரு வருடம், கோயில் இல்லை, விசேஷம் இல்லை, குடி இல்லை என்பதெல்லாம் பெற்ற மகனுக்கு. அந்த மகன் எங்கேயோ இருக்கிறான், அவனை யார் கேட்கப்போகிறார்கள். அண்ணனின் கணக்கில் பங்காளி வரவில்லை. நெருப்பைப் பிடித்த கை எதுவோ அதற்கே வருடம்.

"பொங்கலுக்குக்கூட ஒரு சொட்டு தொடலயே" என்றார் வாட்ச்மேன். "நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். ஏல, ஒனக்கு அந்தக் கெழவி ஒறவா, சொந்தமான்னு கேட்டேன். அடிக்க வந்துட்டான். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கவும் போகல. வருசந்தவறாம போற மனுசன், ரோட்டோரத்துல நின்னு போறவனுவளுக்கு மோரு ஊத்திக்கிட்டு நின்னான்."

"அது கெடக்கட்டும்" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத்தான் கஷ்டம். இங்கன நாலு பேரு வெரதம்னு தெரிஞ்சு விலகிக்கிடுவான். அங்கன வெள்ளக்காரன்ட்ட என்ன சொல்லுவ? சனிக்கெழமை ஆனா எனக்குக் கை நமநமங்கும். அவனும் அங்கன சும்மாதான இருக்கான்னு நெனச்சுக்கிடுவேன். ஒருமாதிரி அடங்கிரும்."

பொய் சொல்ல நேரம் இருந்தது. யாரும் சரிபார்க்கவும் முடியாது.

"நான் இருக்கலண்ணே" என்றேன்.

வாட்ச்மேன் படியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து, ஒடித்து, ஒடித்த இரண்டையும் அருகருகே வைத்தார். மைனிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அங்க குளிருல்லா. மருந்து மாதிரி."

"ஆமா" என்றார் அண்ணன். பிறகு, "சாப்புட்டியா?" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். மறுபடியும் சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். பேச்சு மழை, கொழுந்து வரத்து, முள்ளம்பன்றி தோண்டிப்போட்ட கிழங்கு என்று போயிற்று. அன்று முழுவதும் அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச ஏதாவது இருந்திருக்கும்.

மறுநாள் காலை, அவர் வேலைக்குப் போகுமுன், என்னைச் சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை. தகரக் கொட்டகை ஃபோனில் பார்த்ததைவிடச் சின்னது. தலைமாடு எந்தப் பக்கம், குடம் உடைத்தது எங்கே, நின்ற ஆட்கள் எத்தனை என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் நடந்து காட்டினார். மழையில் மூன்றாவது தடவைதான் பிடித்தது என்றார்.

"மிச்ச அஞ்சு மாசத்த நான் இருக்கேண்ணே. நீங்க இன்னைக்கே விட்டுருங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஷிஃப்டு மாத்துற மாதிரில்லா சொல்லுத."

"இல்லண்ணே, நெசமாத்தான்."

"வச்ச கைதான் முடிக்கணும், தம்பி. அது எனக்கு வந்தாச்சு. நீயும் இருக்கணும்னா இரு, ஆரு வேண்டாம்னா?" ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பத்தடி நடந்தவர் நின்றார். "ஆடிக்கு வருவியா?"

"லீவு கேக்கணும்."

"கேளு" என்றார்.

மீதி நாட்களில் இரண்டு தடவை லயத்துக்குப் போனேன். மற்ற நேரம் அறையின் பால்கனியில் இருந்தேன். அங்கிருந்து பள்ளத்தாக்கு, அதற்கு எதிரே எங்கள் லயத்தின் தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. பக்கத்து அறைக் குடும்பம் அதைப் பின்னணியாக வைத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்த பிறகு நான் தொடவில்லை. விரதம் என்று அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கூட வேலை பார்ப்பவர்களோடு போய் எலுமிச்சை சோடா குடித்தேன். ஒரு மாதத்தில் அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை நான் அண்ணனைக் கூப்பிடுகிறேன். பேச அதிகம் இருப்பதில்லை. "என்ன, சும்மாதான் இருக்கியா?" என்பார். "சும்மாதாண்ணே" என்பேன்.

வைகாசியில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் இல்லத்தின் மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, கண்டிப்பானவர். சாவுக்கு விடுப்பு உண்டு, சாவின் ஆண்டு நிறைவுக்கு எந்தப் பிரிவிலும் இல்லையே என்றார். சடங்கை நீதான் செய்ய வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் யார்?

"என் அண்ணன்."

அவர் கணினியில் என் விவரத்தைத் திறந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று தோன்றியது. அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை நீக்கிய பிறகு போன வருடத்திலிருந்து காலியாக இருக்கிறது, காலியாக விடக்கூடாது, அண்ணனைப் போடட்டுமா என்றார்.

போடுங்கள் என்றேன். எண்ணை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து நாள்தான் தர முடியும் என்றார். போக இரண்டு, வர இரண்டு, இருக்க ஒன்று. அன்று சனிக்கிழமை இல்லை. இருந்தாலும் வெளியே வந்ததும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஃபேக்டரியில் இயந்திரச் சத்தம். பாதி அவருக்குக் கேட்கவில்லை.