கடைவாயில் ஒரு கற்பூரவல்லி இலை

கற்பூரவல்லியை முதலில் எங்கள் வீட்டில் பஜ்ஜிக்குத்தான் பறித்தோம். நல்லூரிலுள்ள தன் தாய் வீட்டிலிருந்து என் மனைவி ஒரு கிளை ஒடித்து வந்தது. பஸ்ஸில் வரும்போதே பக்கத்து சீட்டுக்காரர், "இன்னாம்மா, நாட்டு மருந்துக் கடையே கூட வருதா?" என்று கேட்டாராம். விரிசல் விட்டுக் கழித்த ஊறுகாய் ஜாடியில் நட்டோம். பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் பூந்தொட்டியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? மழை பெய்தால் பஜ்ஜி, வாய் கசந்தால் துவையல். துவையலுக்குப் புளி சற்றுத் தூக்கலாக வேண்டும், இல்லாவிட்டால் இலையின் காரம் தொண்டையைப் பிடிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் செராமிக் கம்பெனியில் சூளை அடுக்குகிறவன். அவள் அங்கேயே பீங்கான் பியூஸ் கட்டை சுரண்டுகிறவள். அச்சில் எடுத்த கட்டை நன்றாகக் காய்ந்த பிறகு, ஓரப் பிசிறைத் தகட்டால் சுரண்ட வேண்டும். கொட்டகைக்குள் தூசி மாவாகப் பறக்கும். மதியத்துக்குள் பெண்களின் புருவமெல்லாம் நரைத்துவிடும்.

"கெழவிங்கல்லாம் சாப்புட வாங்க" என்று கேலி செய்வேன்.

"சூளயில சுட்ட கருவாடு பேசுது பாருங்கடி" என்பாள் என் மனைவி.

அவளுக்கு இருமல் வந்தது. இலையை வாட்டிப் பிழிந்து, தேனில் குழைத்துக் குடித்தாள். சளி கரைந்து மூச்சு லேசானது. மற்ற பெண்களும் இலை கேட்டார்கள். அப்படியே ஒரு பழக்கம் வந்தது. வேலைக்கு உட்காரும்போது ஆளுக்கொரு இலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். அதுவரை மூக்கோடு சேர்த்துத் துணி கட்டியிருந்தவர்கள், இலை வந்ததும் அதை அவிழ்த்துவிட்டார்கள்.

"துணிய கட்னா மூச்சு முட்டுது. எல இருந்தா நெஞ்சு வரைக்கும் ஜில்லுனு போவுது. தூசிய அதுவே அறுத்துடும்" என்றாள் என் மனைவி.

நெஞ்சு வரைக்கும் போனது வாசனை மட்டுமல்ல என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் பஜ்ஜி நின்றுபோனது. செடி துளிர்க்கத் துளிர்க்க இலையெல்லாம் கொட்டகைக்கே போயிற்று. அவளுக்கு இருமல் மறுபடி வந்தது. இம்முறை சளி இல்லை, வறட்டுச் சத்தம்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நிற்பாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள்.

"அந்தத் தூசிதாம்மா உள்ள படிஞ்சி கெடக்குது. எந்த எலயாலயும் அது வெளிய வராது. இனிமே அங்க போவாத."

"போவலன்னா சரியாயிடுங்களா?"

அவர் படத்தை உறைக்குள் போட்டார். "மேற்கொண்டு படியாம இருக்கும்."

அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சில நாளில் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க எடத்துல என்னத்தான் ஒக்கார வச்சிருக்காங்க. ரெண்டு எல குடுங்களேன்."

என் மனைவி உள்ளே போய்ப் பழைய நூல் சேலையில் ஒரு பாதியைக் கிழித்து வந்து கொடுத்தாள். "இத மூக்குல கட்டிக்க... எல வாணாம்..." அதற்குமேல் இருமல் பேசவிடவில்லை.

"இத கட்டிக்கினா எப்பிடிக்கா கத பேசறது?" என்று சிரித்தாள் அந்தப் பெண். அவளாகவே குனிந்து வாசல் ஜாடியிலிருந்து இலைகளைக் கிள்ளினாள். அவற்றை அந்தத் துணியிலேயே முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "போயிட்டு வரேன்க்கா" என்று கம்பெனி பக்கம் நடந்தாள்.