நிலாவில் கூப்பிட்டால் கேட்காது

மதுக்கரையில் வளர்ந்த எனக்குக் கோடை என்றாலே பல்லுக்கடியில் நறநறக்கும் சுண்ணாம்புத் தூசிதான் நினைவுக்கு வரும். காயப்போட்ட துணி, முருங்கை இலை, மூடி வைக்காத குழம்பு என்று எதையும் அது விட்டுவைக்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளத்தில் கணுக்கால் புதையக் கிடக்கும். ஊரார் அந்தப் பள்ளத்தைக் "கல்லுக்குழி" என்பார்கள். எனக்கும் தங்கை சுமதிக்கும் அது நிலா.

அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். பத்து வயதில், பள்ளி வினாடி வினாவுக்காக நாலு கேள்வி பதில்களை மனப்பாடம் செய்துவிட்டு, எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவள்போலத் திரிந்தேன். ஆறு வயதுச் சுமதி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்: நிலாவுக்குப் போக எத்தனை நாள் ஆகும், அங்கே மழை பெய்யுமா, நம் வீடு அங்கிருந்து தெரியுமா? மூன்று நாள், பெய்யாது, தெரியாது என்று வாத்தியார் தோரணையில் சொல்வேன். "அங்க கூப்புட்டாக் கேக்குங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். காற்றில்லாத இடத்தில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று சொன்னதோடு நில்லாமல், அதையே விளையாட்டுக்குச் சட்டமாக்கினேன். குழிக்குள் இறங்கினால் கைச்சாடை மட்டும்தான்; யாராவது வாயைத் திறந்தால் மற்றவள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அவளுக்கு அரை நிமிடம் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு முறையும் "அக்கா" என்று கூப்பிட்டுத் தோற்பாள். நான் காது கேளாதவள்போல நடப்பேன். சிரித்துக்கொண்டே ஓடி வந்து பாவாடையைப் பிடிப்பாள்.

அன்று மத்தியானம் குழியின் கீழ்க்கோடியில் கோடை மழைத் தண்ணீர் ஆழமாகத் தேங்கியிருந்தது. அந்தப் பக்கம் போகவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தும், கரையோரமாகத்தானே என்று போனோம். நான் முன்னால், அவள் பின்னால். "அக்கா" என்றாள். நான் திரும்பவில்லை. இன்னொரு முறை, உரக்க, "அக்கா!" தோற்றுவிட்டாள் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. பத்தடி நடந்த பிறகு, பாவாடையைப் பிடிக்கக் கை வரவில்லையே என்று திரும்பினேன். கரை சரிந்திருந்தது. நான் கத்தி, ஆட்கள் ஓடி வந்து தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம் அம்மா என் தோளைப் பிடித்து, "கூப்புட்டாளா கண்ணு?" என்று கேட்டார். "ஒண்ணும் கேக்கலீங்கம்மா" என்றேன். அடிக்குப் பயந்து சொன்ன பொய். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "எம் புள்ள ஒரு சத்தம் போடல, பயப்படக்கூட நேரமில்லாமப் போயிட்டா" என்று சொன்னார். பல வருஷங்கள் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கல்லுக்குழி இல்லை. மண் கொட்டி நிரவி வீட்டுமனை போட்டுவிட்டார்கள். போன மாதம் டிவியில் நிலாவைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி ஓடியது; காற்றில்லாததால் அங்கே சத்தமே கேட்காது என்றார்கள். அம்மா கீரை ஆய்ந்த கையை நிறுத்தி, "நெசமாலுமா அம்மணி? அங்க கூப்புட்டா, பக்கத்துல நிக்கறவளுக்குக்கூடக் கேக்காதா?" என்றார்.

"கேக்காதுங்கம்மா."

அம்மா கீரையைக் கையில் எடுத்துக்கொண்டே, மெதுவாக, "இங்க கேக்குமல்லோ கண்ணு" என்றார்.

நான் அன்று போலவே திரும்பிப் பார்க்கவில்லை.