ஒரு பெஞ்சு முழுக்க எனக்கு

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலூரில் ரெஸ்பிரேட்டரி தெரபி படிக்கப் போனபோது, மூன்று பேர் உட்காரும் பெஞ்சை வகுப்பில் எனக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு மாதம் நினைத்தேன்.

நினைக்கக் காரணமும் இருந்தது. மற்றவர்கள் பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பிள்ளைகள். எனக்கு முப்பத்து மூன்று வயது. நானும் பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் டிரம் சூப்பர்வைசர். டிரம் என்றால் சின்ன வீட்டு அளவுக்கு ஒரு மர உருளை. தோலையும் மருந்தையும் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த குரல் என்னுடையது. தொண்ணூறுகளின் கடைசியில், வாரத்தில் பாதி நாள் டிரம் நிற்க ஆரம்பித்தது. நர்ஸாக இருந்த என் மனைவி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பத்தாளை வைத்தாள்.

“இன்னா இது?”

“மூச்சு வாங்கறவங்களைப் பாத்துக்கற படிப்பு. ‘ஊதுங்க, ஊதுங்க’ன்னு கத்தணும். உங்களுக்குத்தான் கத்த வருமே.”

வயது ஜாஸ்தி என்று கல்லூரியில் இழுத்தடித்தார்கள். எங்களுக்குப் பாடம் எடுக்கப்போகிற மேடம்தான் கேட்டார்: “பாதியில வுட்டுட்டுப் போய்ட மாட்டீங்களே?”

“போனா ஆம்பூர் செருப்பு ஒரு ஜோடி நானே வாங்கியாந்து குடுக்கறேன் மேடம், அடிக்க.”

சேர்த்துக்கொண்டார்.

டேனரியில் கடைசி நாள், பக்கத்து டிரம்மில் இருந்த என் தோஸ்த் ஒரு பை கொடுத்தான். ரிஜெக்ட் ஆன தோலை அவனே பதனிட்டு, அவனே தைத்தது. தோல் மிருதுவாக மீன் எண்ணெய் போடுவது வழக்கம். “உனக்குன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்ருக்கேன் மச்சான். பத்து வருஷம் ஆனாலும் வெண்ணெய் மாதிரி இருக்கும்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கண்தான் வேலை செய்தது. மூக்கு பல வருடங்களுக்கு முன்பே டேனரியில் ராஜினாமா செய்திருந்தது.

நோட்டு, டிபன் டப்பா, வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப் எல்லாம் அந்தப் பைக்குள். பஸ்ஸிலும் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். கண்டக்டர் கையை முழுசாக நீட்டி, தூரத்திலிருந்தே டிக்கெட் கொடுப்பார். வீட்டுக்குப் போனால் மனைவி பையை வாங்கி வெளியே துணிக்கொடியில் மாட்டிவிடுவாள். எலி கடித்துவிடக் கூடாதென்று அக்கறையாக்கும் என்று பூரித்துப்போவேன். “அந்தப் பையை மொதல்ல தூக்கிப் போடுங்க” என்று அவள் சொன்னபோது, தோஸ்த் மேல் பொறாமை என்று முடிவுகட்டினேன்.

பிறகு வார்டுக்கு அனுப்பினார்கள். மூச்சு இழுப்பு வந்தவரை ஒரு குழாயில் ஊதச் சொல்லி முள் எங்கே நிற்கிறது என்று குறிக்க வேண்டும். மருந்தைப் புகைபோல முகமூடி வழியாகக் கொடுத்துவிட்டு மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். முள் ஏறும். எல்லோருக்கும் ஏறியது. என் நோயாளிகளுக்கு மட்டும் இறங்கியது.

கத்தியது போதவில்லை என்று நினைத்து டிரம்முக்குக் கத்துகிற மாதிரி கத்தினேன். “ஊதுங்க! ஊதுங்க!” அவர்கள் இருமினார்கள். ஒரு பெரியவர் முகமூடியைக் கழற்றாமலே, வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கையால் காட்டினார்.

மேடம் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை நான் நின்னு பாக்கறேன். அன்னிக்கும் எறங்கிச்சுன்னா வார்டு புக்ல கையெழுத்து கெடையாது. இந்த வருஷம் போச்சு.”

அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்கும் பதினெட்டுதான் இருக்கும்; எனக்கு முப்பத்து நான்கு. திரும்பிப் போகலாம் என்றால் டேனரியில் என் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டான். அந்த வாரம் முழுக்கச் செருப்பு ஞாபகமாகவே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்தவர் மேல்விஷாரத்து பாய் ஒருவர், அறுபது வயதிருக்கும். மேடம் கதவோரம் நின்றார். நான் பையைக் கட்டிலில் வைத்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். பாய் இருமினார். பிறகு கண்ணை மூடி லேசாக மோந்தார்.

“தம்பி, டேனரியா?”

“எப்படி கண்டுபுடிச்சீங்க பாய்?”

“முப்பது வருஷம் நானும் தோல்ல கெடந்தவன். வுட்டு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மூக்கு திரும்பி வந்துச்சு. வந்த அன்னிக்கே என் வூட்டம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்.” மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். “உன் பைக்குள்ள ஒரு கூடை மீன் இருக்குது. அதையும் அந்தக் கோட்டையும் வெளிய வெச்சுட்டு, கை கழுவிட்டு வா. அப்புறம் வைத்தியம் பாக்கலாம்.”

வராந்தாவின் கடைசி மூலையில் வைத்துவிட்டு வந்தேன். ஸ்டெதஸ்கோப் இரவல், கோட்டு இரவல். பயத்தில் குரலே எழும்பவில்லை. “ஊதுங்க பாய்” என்று கெஞ்சினேன். நூற்று எண்பது. மருந்து கொடுத்து, காத்திருந்து, மறுபடி. இருநூற்று முப்பது! பாய் எனக்கு ஒரு கண்ணடித்தார்.

மேடம் கையெழுத்துப் போட்டார்.

“மேடம், உங்களுக்கும் வாசம் தெரிஞ்சுதா?”

“தெரியாம? பைன்னு தெரியல, நீங்கன்னு நெனைச்சேன். வயசுல பெரியவராச்சே, எப்படி சொல்றதுன்னு பேஜாரா இருந்துச்சு.”

ஆக, மரியாதை இருக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை துணிப்பையோடு போனேன். என் பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, எழுதும்போது முழங்கையால் இடித்தார்கள். எந்த இடைஞ்சலையும் நான் அதுவரை அவ்வளவு ரசித்ததில்லை.

அந்த வாரக் கடைசியில், பையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் டேனரிக்குப் போனேன். தோஸ்த் அதே டிரம் பக்கத்தில் நின்றிருந்தான். சத்தத்துக்கு மேலே கத்தினேன்: “இன்னாடா பை செஞ்ச? மீன் மார்க்கெட் மாதிரி நாறுதாம்டா! ஒரு வருஷம் போயிருக்கும் எனக்கு!”

அவன் பையை வாங்கினான். பையின் வாயைத் திறந்து, முகத்தை உள்ளே புதைத்து, நான் நோயாளிகளுக்குச் சொல்லித்தருவது போலவே நெஞ்சு நிறைய இழுத்தான். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து வைத்து யோசித்தான்.

“ஒண்ணும் வர்லியே.”