கினிகத்தேனையில் கிடைத்த சிரிப்புப் பாட்டு உறை

போன ஐப்பசி மழையில் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்குப் போய்வந்தேன். பழைய இசைத்தட்டு உறைகள் வாங்கத்தான். பாட்டு எனக்குத் தேவையில்லை. தட்டுப் போடும் பெட்டியும் வீட்டில் கிடையாது. படங்களைப் பார்த்துச் சிரிப்பேன். மாட்டின் மேல் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பவர், குளிக்கும் தொட்டிக்குள் கோட்டோடு நிற்கும் மூன்று பேர் என்று நாற்பது உறைகள் சேர்ந்துவிட்டன. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன்தான் இதை எழுதிக்கொள்கிறது.

இந்த முறை இன்னொரு காரணமும் இருந்தது. என் அண்ணன் ட்ரம்பட் ஊதுவார். பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டியில் சேரக் கொழும்புக்குப் போனவர். ஐம்பது வருடமாகத் தகவல் இல்லை. மதினி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று நாளில் அவருக்குக் கண் ஆபரேஷன்.

"கண்ணு தொறந்ததும் மொதல்ல அவரத்தான் பாக்கணும் தம்பி. அந்த அட்டைங்கள்ல எங்கயாச்சும் இருப்பாரு, தேடிப் பாருங்க" என்றார்.

காலை ஏழரை பஸ். ஒரு மணி நேரப் பயணம், நூற்றைம்பது ரூபாய். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் பழைய சாமான் கடை. கடைக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவேன், பல வருடப் பழக்கம்.

"வாங்க ஐயா! ஒங்களுக்குன்னே ஒரு கோமாளிய எடுத்து வச்சிருக்கேன்."

நாற்காலியில் கோட் போட்ட ஒருவர். கறுப்புக் கண்ணாடி, மடியில் ட்ரம்பட், வெறுங்கால். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

"சிங்களத்துல சிரிப்புப் பாட்டுன்னு போட்டிருக்கு. ஓடிப்போயிருவான்னு கால கட்டிட்டானுங்க போல!"

நானா தட்டைச் சுழலவிட்டார். பாட்டே இல்லை, பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் மட்டும். நான் உறையை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். கண்ணாடி, மையால் வரைந்தது. மைக்கு அடியில் மூடிய இமைகள். ட்ரம்பட் மேல் கிடந்த இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு அறுந்த மற்றப் பாதியை, ஏழு வயதில், தேயிலைச் செடியடியில் புதைத்தவன் நான்.

கால் விரல்களைக் கட்டுவது இறந்தவர்களுக்குத்தான். அந்தக் காலத்தில் அப்படியே நாற்காலியில் உட்காரவைத்துப் படமும் எடுப்பார்கள். ஏதோ ஸ்டூடியோவில் கிடந்த படத்தை வேடிக்கைக்குப் போட்டிருக்கிறார்கள்.

"நிப்பாட்டுங்க நானா."

"ஏன் ஐயா, புடிக்கலயா?"

"இது எங்கண்ணன்."

நானா தட்டை நிறுத்தினார். முந்நூறு ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை.

திரும்பும்போது ஒரே மூடுபனி. உறையைப் பக்கத்துச் சீட்டில் சாய்த்து வைத்திருந்தேன். பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டார், "ரெண்டு பேரா?"

மறைக்க மனம் வரவில்லை. கண் கட்டு அவிழ்த்த அன்று மதினியிடம் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார், முகத்தையல்ல, கால்களை.

"நம்ம ஆளு யாரோ பக்கத்துல இருந்திருக்காங்க தம்பி. மொறையா கட்டியிருக்காங்க."

முந்தானையால் பொட்டைத் துடைத்துக்கொண்டார்.

உறை வாங்கப் போகிறவர்கள் பத்து மணிக்கு முன்னே போங்கள். மழை வந்தால் கடை இருட்டிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். காலில் கட்டுள்ள அந்தப் படம் எங்கே கிடந்தாலும் எடுத்துவிடுங்கள். அச்சடித்த உறை என்றால் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். எத்தனை கடைகளில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ.