வடகரையிலிருந்து சுரண்டைக்கு நாற்பது தூர் கினிப்புல்

யுத்தக் காலத்தில் ஓர் ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று ஊரே மூட்டை கட்டியபோது நானும் என் மனைவி சண்முகவடிவும் கிளம்பினோம். நாங்கள் போனது அருவிக்காக அல்ல, புல்லுக்காக.

சுரண்டையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம், ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு செவலைப் பசு. மழை பொய்த்ததால் வைக்கோல் படப்பு பங்குனியிலேயே தீர்ந்துவிட்டது. சோளத்தட்டை எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஏழு மாதச் சினைப் பசுவின் விலா எலும்பை எண்ணிவிடலாம். பக்கத்து வயல் சுடலைமுத்து தன் காளைகளை விற்றுவிட்டு, "நீரும் இப்பமே வித்திரும். ஆடியில தோலுக்குத்தான் விலை கிடைக்கும்" என்றார். வடிவு கேட்பதாக இல்லை. வடகரையில் ஒருவர் தென்னைக்கடியில் வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைப்புல் வைத்திருப்பதாகத் தேங்காய் வண்டிக்காரர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாடுகளை அவள் அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டுக் காலை ஆறரைக்கு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் ஏறினோம். தென்காசிக்குப் பத்து மைல். ஆளுக்கு மூன்றணா. மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளியதில் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. (தள்ளுவதற்கும் சேர்த்துத்தான் அந்த மூன்றணா போலிருக்கிறது.) அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல், ஜட்காவில் ஆறணா. இவ்வளவு தூரம் வந்துவிட்டு நனையாமல் போவதா என்று பேரருவியில் தலையைக் கொடுத்தோம். எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே முழங்கை இடிகள் கிடைக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இரவு சத்திரத்தில் தங்கினோம்.

மறுநாள் விடிந்ததும் தென்காசி திரும்பி, அச்சன்புதூர் வழியாக வடகரைக்கு ஏழு மைல் நடந்தோம். ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். புல்லுக்காரர் பெயர் குத்தாலிங்கம். அவருடைய தென்னந்தோப்பில் நிழலிலேயே இடுப்பளவு பச்சை நின்றது. அதுதான் கினிப்புல். விதை சரியாக முளைக்காதாம். வேரோடு தோண்டிய தூரைத்தான் பிரித்து நட வேண்டுமாம்.

வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "தரமாட்டேன் தம்பி. இதுவரைக்கும் ஆறு பேரு கொண்டு போனாவ. ஒருத்தன் மாட்டை அவுத்து உள்ள விட்டான். ஒருத்தன் தரையோட சிரைச்சுட்டான். எல்லாம் செத்துப்போச்சு. இப்பம் இந்தப் புல்லே ஆகாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாவ."

வடிவுதான் கேட்டாள்: "தூர் வேண்டாம் அண்ணாச்சி. ஒரு கட்டு அறுத்துப் பாக்கட்டா?"

அவர் அரிவாளைக் கொடுத்தார். அவள் உடனே அறுக்கவில்லை. குனிந்து, முன்பு அறுத்த அடிக்கட்டைகளைப் பார்த்தாள். எல்லாம் தரைக்கு மேல் நாலு விரல் உயரம். அதே உயரத்தில் அறுத்துக்கொண்டே போனவள், ஒரு வரிசையை மட்டும் தொடாமல் தாண்டினாள்.

"அதை ஏன் விட்டுட்ட?" என்றார் குத்தாலிங்கம்.

"புது நடவுல்லா அண்ணாச்சி? இன்னும் வேர் பிடிக்கல. இழுத்தா கையோட வந்துருமே."

அவர் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். "நாப்பது தூர் கொண்டு போங்க. காசு வேண்டாம். பிழைச்சுதுன்னா ஒரு கார்டு போடுங்க."

ஈரச் சாக்கில் சுற்றி, வாடகை வண்டியில் ஒன்றரை மணிக்குத் தென்காசி வந்தோம். பஸ் கண்டக்டர் சாக்கைப் பார்த்ததும், "ஈரத்தை உள்ள ஏத்தப்படாது. பின்னால கட்டுதேன்" என்றார். பின்னால்தான் கரி அடுப்பு தகதகத்துக்கொண்டிருந்தது. வடிவு கையை நீட்டி அனலைப் பார்த்தாள். "அங்கன கட்டினா ஊர் போகுமுன்ன வெந்துரும். நான் ஏறல."

பஸ் போய்விட்டது. உச்சி வெயில், பத்து மைல், தலையில் சாக்கு. அந்த நேரம் வெங்காயம் இறக்கிவிட்டுச் சுரண்டைக்குத் திரும்பிய வண்டிக்காரர் ஒருவர், "ஏறுங்க, சாக்கை நடுவுல வையுங்க. கூண்டு நிழல் இருக்கு" என்றார். வழியில் தண்ணீர் கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தெளித்தோம். ஐந்தரைக்கு ஊர் வந்தோம். நாற்பது தூரையும் மும்மூன்றாகப் பிரித்து, இருட்டுமுன், கிணற்றில் கமலை இறைக்கும் நீர் ஓடும் வாய்க்கால் ஓரம் நட்டு முடித்தோம்.

நாலாம் நாள் எல்லாம் மஞ்சளடித்தது. "வைக்கோலை நட்டு வச்சிருக்கீராக்கும்!" என்று சுடலைமுத்து சிரித்தார். ஒன்பதாம் நாள் வடிவு வயலிலிருந்து கூப்பிட்ட கூப்பாட்டில் பாம்போ என்று ஓடினேன். தூருக்குத் தூர் பச்சைக் குருத்து! நூற்றிருபதில் போனது ஏழுதான். பனையோலையும் வேலித்தழையும் போட்டு மாடுகளை இன்னும் இரண்டு மாதம் தாங்கினோம். பத்தாவது வாரம் முதல் அறுப்பு. அதே வாரம் செவலை கிடாரிக்கன்று போட்டது. புல்லைத் தின்று அது கறந்த பாலை வடிவு முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது சுடலைமுத்து வீட்டுக்கு. அவர் குடித்துவிட்டு, "ஏட்டி வடிவு, எனக்கு நாலு தூர் தாயேன்" என்றார். இருபது கொடுத்தாள்.

வடகரைக்குக் கார்டு போட்டோம். "ஏழாவதாக வந்தவள் பிழைக்க வைத்துவிட்டாள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதைப் படித்த அன்று வடிவுக்கு நடையே மாறிவிட்டது. அடுத்த ஆனிக்குள் எங்கள் ஊரில் பதினொரு வீட்டு மாடுகள் கினிப்புல் தின்றன.

போக நினைப்பவர்களுக்கு: சாரல் காலத்திலேயே போங்கள். தூரை அனலுக்கும் காற்றுக்கும் காட்டாதீர்கள். கொண்டுவந்த அன்றே நடுங்கள். நாலு விரல் விட்டு அறுங்கள். எந்த மாட்டையும் உள்ளே விடாதீர்கள், அது எவ்வளவு செல்ல மாடானாலும் சரி. தூருக்காக இனி வடகரை வரை நடக்கவும் வேண்டாம். சுரண்டையில் எங்கள் கிணற்றடியில் வேண்டிய மட்டும் இருக்கிறது. தோண்டிக்கொண்டு போங்கள், அப்புறம் குற்றாலத்துக்கு நிம்மதியாகக் குளிக்கப் போகலாம்.