இடைவேளை சிலைட்டில் ஹமீது நானாவின் முகம்

1. கண்ணாடி வேலை

அறுபதுகளில் மாத்தளைத் தியேட்டர் ஒன்றில் நான் சிலைட் எழுதினேன். உள்ளங்கையளவு கண்ணாடியில் கறுப்பு மை பூசிக் காயவிட்டு, ஊசியால் கீறுவோம். கீறிய இடத்தில் வெளிச்சம் புகுந்து திரையில் எழுத்தாக விழும். சேலைக்கடை, பல் வைத்தியர், சோடா என்று இடைவேளையில் ஓடியதெல்லாம் என் கைவேலைதான். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்துச் சிவலிங்கம் ஐயா ஒருநாள் வந்தார். இறைச்சி உண்ண வேண்டாம் என்று சொல்லும் சிறு சங்கம் ஒன்றின் செயலாளர். "உயிர்களிடம் அன்பு செய்வோம்" என்று எழுதிய துண்டை நீட்டினார்.

"இதைப் போட்டா சனம் கச்சான் கடலை வாங்கப் போயிரும் ஐயா. சுருக்குன்னு இருக்கணும்," என்றேன். நானே ஒன்று சொன்னேன்: "உன் தட்டில் கிடப்பது யாருடைய தாய்?" பக்கத்தில் பசுவையும் கத்தியோடு ஓர் ஆளையும் வரையலாம் என்றேன்.

ஐயா யோசித்தார். "கொஞ்சம் கடுமையா இருக்கு தம்பி. சரி, சனம் பாக்கும் எண்டா போடுங்கோ."

2. தெரிந்த முகம்

எனக்குக் கற்பனையில் முகம் வராது. பார்த்த முகம்தான் வரும். எனக்குத் தெரிந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவர்தான், சந்தையில் கடை வைத்திருந்த ஹமீது நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அகலமான இடுப்புவார், சற்றுச் சரிந்த இடது கண். ஞாயிறு மெட்னி ஷோவுக்கு எட்டு வயது மகளோடு தவறாமல் வருவார். வாரமெல்லாம் நின்ற கால் இங்கேதான் ஆறுகிறது என்பார். என் கை அவரையே கீறியது. இத்தனை சிறிய படத்தில் யார் கண்டுபிடிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் கடுகளவு இருக்கும் கண் திரையில் எவ்வளவு பெரிதாக விழும் என்று எனக்கா தெரியாது?

அந்த ஞாயிறு சிலைட் விழுந்ததும் மலிவு டிக்கெட் கலரியிலிருந்து ஒருவன், "அடேய், நம்ம ஹமீது நானா," என்றான். ஒரே சிரிப்பு. பிறகு வாசகத்தை எல்லோருமாகச் சேர்ந்து உரக்கப் படித்தார்கள்.

படம் முடிந்ததும் நானா மகளைக் கையில் பிடித்தபடி ஆப்பரேட்டர் அறைக்கு ஏறி வந்தார்.

"கண்ண அப்பிடியே போட்டிருக்கீங்க தம்பி," என்றார். குரலில் கோபமே இல்லை. "புள்ள கேக்குது, வாப்பா யார்ட உம்மாவ வெட்டினீங்கன்னு. நான் என்ன சொல்ல?"

"மன்னிச்சிருங்க நானா. இன்னைக்கே அழிச்சிடுறேன்," என்றேன்.

3. கறுப்பு மை

முகத்தின்மேல் மை பூசினேன். வாசகத்தை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதாம் எனக்கு.

என் சொல்லை நம்பி அடுத்த ஞாயிறும் நானா மகளோடு வந்தார். முகமில்லாத அந்த உருவம் திரையில் விழுந்தது. கலரி முழுவதும் "ஹமீது நானா" என்று கூவியது. இடைவேளை முடியுமுன்பே மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு அவர் அந்தத் தியேட்டருக்கு வரவில்லை.

சிவலிங்கம் ஐயா கேள்விப்பட்டு ஓடி வந்தார். "அதை எடுங்கோ தம்பி. ஒரு மனிசனை நோகடிச்சு மாட்டுக்கு என்ன புண்ணியம்?"

அந்தச் சிலைட்டைப் பார்த்து யாரும் இறைச்சியை விட்டதாக நான் அறியவில்லை. கலரியில் கூவியவர்கள் மறுநாள் காலை நானாவின் கடையில்தான் நின்றார்கள்.

விளம்பரம் எழுத வரும் பிள்ளைகள் சுருக்கென்று எழுதட்டும். அது யாருக்குச் சுருக்கென்று தைக்கும் என்பதை எழுதுமுன் கேட்டுக்கொள்ளட்டும். நான் கேட்கவில்லை. கேள்வியை எழுதியவன் நான். பெற்ற மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஹமீது நானாவாகிவிட்டார்.